டீ டைமில் முதலாளி எங்கே போய் உட்காருவது?

திருப்பூரிலிருந்து 42 வயது வாசகர் ஒருவர் கையால் நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். யார் என்று தெரிந்துவிடாமல் இருக்க, ஊரையும் தொழிலையும் தவிர மற்ற விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் 13 வருடம், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்தவர் இவர். 2021இல் வேலையை விட்டார். வாடகைக் கட்டடத்தில் 14 மிஷின் போட்டு, கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, தைத்துக் கொடுக்கிறார். டெய்லர், ஹெல்பர், செக்கிங் எல்லாம் சேர்த்து 18 பேர். அதில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். வீட்டில் மனைவி, எட்டாவது படிக்கும் மகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது என்று அவரே எழுதுகிறார். அப்புறம் இப்படித் தொடர்கிறார்:

“கம்பெனியில இருந்தப்ப பதினோரு மணிக்கு டீ டைம்னா ஆறு பேர் ஒண்ணாக் கீழே இறங்குவோம். பேக்கரியில ஒரு பப்ஸை ரெண்டாப் பிச்சுத் தின்போம். இப்ப என் சொந்த யூனிட்ல டீ டைம் வந்தா எங்கே போய் உட்கார்றதுன்னு தெரியலைங்க மேடம். நான் கிட்டப் போனா பேச்சு நின்னு போகுது. ஆபீஸ் ரூம்ல கதவைச் சாத்திட்டு போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்.”

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக ஏற்றிய பிறகு இவருக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. ஒரு கம்பெனி 4.8 லட்சம் ரூபாய் பாக்கி வைத்துக்கொண்டு ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறது. வாரச் சம்பளம் போடுவதற்காக வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்; அது மனைவிக்குத் தெரியாது. சனிக்கிழமை எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, கட்டிங் டேபிள் மேல் உட்கார்ந்து பத்து மணி வரை தனியாகக் குடிக்கிறார். சனிக்கிழமைக்கு மட்டும் என்று ஆரம்பித்தது இப்போது வாரத்தில் மூன்று நாளாகிவிட்டது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி: “ரெண்டு மாசமா அவ எதுவும் கேக்கறதில்லை.”

யூனிட்டை மூடிவிட்டு மறுபடி வேலைக்குப் போனால் இதெல்லாம் சரியாகிவிடுமா, அல்லது இது ஏதாவது மனநோயா என்பது அவர் கேள்வி. கேட்டு முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது: “ஒரு நாள் நான் இல்லாமப் போனா, திங்கக்கிழமை காலைல சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் முதல்ல தேடுவாங்க.”

அன்புள்ள சகோதரருக்கு,

அந்தக் கடைசி வரிக்காகத்தான் கடிதம் வந்த அன்றே நீங்கள் கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டேன். “தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?” என்று நேரடியாகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். “அப்படி முடிவெல்லாம் எதுவும் எடுக்கலைங்க, ஆனா இல்லாமப் போனா நல்லா இருக்கும்னு தோணுது” என்றீர்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அப்போது சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படிக்கக்கூடும். அந்த எண்ணம் வலுத்தால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. கூடவே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிடுங்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, “எனக்குப் பயமாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்” என்றால் போதும்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

18 பேருக்கு நடுவில், ஒரு நாளைக்கு நூறு போன் பேசிக்கொண்டு, “தனிமை” என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவருக்குத் தனிமையுணர்வு இருப்பதாகச் சொல்கிறது. ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இலேயே இதை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, சேர்ந்து உட்கார ஒரு கூட்டம் இல்லாத தனிமை. மற்றது, மனசில் இருப்பதைக் கொட்ட ஒரே ஒரு ஆள்கூட இல்லாத தனிமை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. பத்து பேரோடு டீ குடித்தாலும் இரண்டாவது தீராது. அன்பான மனைவி இருந்தாலும் முதலாவது இருந்துகொண்டே இருக்கும்.

உங்களுக்கு இரண்டும் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வேலையை விட்ட அன்று முதலாவது வந்தது. வட்டிக்கு வாங்கியதை வீட்டில் மறைத்த அன்று இரண்டாவது வந்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் டீ டைமைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை மூன்று மணிக்கு எழுப்புவது அந்த மறைத்த கணக்கு என்பது என் அனுமானம்.

நீங்கள் வந்ததும் பேச்சு ஏன் நிற்கிறது

இதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். பழைய கம்பெனியில் நீங்கள் ஆறு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது எம்.டி. படியிறங்கி வந்தால் என்ன செய்வீர்கள்? சிரிப்பை நிறுத்திவிட்டு, பப்ஸைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அவரை வெறுத்தா அப்படிச் செய்தீர்கள்? சம்பளம் கொடுக்கும் கை பக்கத்தில் வந்தால் யாருக்கும் பேச்சு குறையும்.

தனிமையை வருடக்கணக்காக ஆராய்ந்த ஜான் கசியோப்போ அதைப் பசியோடு ஒப்பிடுவார். சாப்பாடு வேண்டும் என்று உடம்பு சொல்வது பசி, மனிதர்கள் வேண்டும் என்று சொல்வது தனிமை. பசியில் இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. பசித்தவனுக்குச் சோறு பகையாகத் தெரியாது. ஆனால் தனிமை நீடித்தால், எதிரில் இருப்பவர் முகத்தில் வெறுப்பு இருக்கிறதா என்று மனம் தேட ஆரம்பித்துவிடுகிறது. சாதாரண மௌனமும் அவமானமாகத் தெரிகிறது. அவமானப்பட வேண்டாமே என்று ஒதுங்குகிறோம், ஒதுங்க ஒதுங்கத் தனிமை கூடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் உட்காரும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் நடப்பது இதுதான். வெளியே இருப்பவர்களுக்கு என்ன தோன்றும்? “முதலாளி ஏதோ கோபத்தில் இருக்கிறார்.”

அதற்காக டெய்லர்களை நண்பர்களாக்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். நீங்கள் ரேட் பேசுகிற ஒருவர் உங்களை மறுத்துப் பேச முடியாது, மறுத்துப் பேச முடியாதவரோடு நட்பு வளராது. கடன் கதையை அவர்களிடம் சொன்னால், அடுத்த சனிக்கிழமை சம்பளம் வருமா என்ற பயத்தைத்தான் அவர்கள் தலையில் ஏற்றுவீர்கள். ஆனால் அந்த ஒடிசா பையன் ஊருக்குப் போய் வந்தானா, செக்கிங் அக்காவின் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று தினம் ஒரு வாய்ப் பேச்சு இருக்கலாம். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் இதைப் பரிசோதித்தார்கள். பெரிதாகப் பழக்கமில்லாதவர்களோடு அதிகம் பேசிய நாட்களில் மக்களுக்கு மனசு நன்றாக இருந்ததாகத் தெரியவந்தது. நட்பு அளவுக்குப் போகாத பேச்சுக்கும் பலன் இருக்கிறது.

அப்படியென்றால் டீ டைமில் எங்கே போவது? பதினோரு மணிக்கு யூனிட்டை விட்டு வெளியே வாருங்கள். உங்கள் தெருவில் பிரிண்டிங் பட்டறை இருக்கும், எம்பிராய்டரி போடுகிறவர் இருப்பார், காஜா பட்டன் அடிக்கிறவர், அட்டைப்பெட்டி செய்கிறவர் இருப்பார்கள். அவர்களும் இதே மாதிரி ஒரு ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடும். “தொழிலில் எல்லோரும் போட்டிக்காரர்கள், யாரிடம் பேச முடியும்?” என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிண்டிங் போடுகிறவர் உங்களுக்கு என்ன போட்டி? தையல் யூனிட் வைத்திருப்பவரே என்றாலும், கையில் லோடு அதிகமானால் இரண்டாயிரம் பீஸை உங்களிடம் தள்ளிவிடுவது அவர்தானே. உங்கள் ஊரில் இத்தனை தொழில் சங்கங்கள் இருக்கின்றன. சந்தா மட்டும் கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பவர்களில் நீங்களும் ஒருவர் என்று போனில் சொன்னீர்கள்.

இரண்டு தடவை டீ குடித்ததும் நண்பர் கிடைத்துவிட மாட்டார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு கணக்குப் போட்டார். ஒருவர் சும்மா தெரிந்தவர் என்பதிலிருந்து ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைப் படித்ததும் உங்கள் பேக்கரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காலையில் 20 நிமிடம், சாயங்காலம் 20 நிமிடம், வருடத்துக்கு 300 நாள். சரியாக 200 மணி நேரம் வருகிறது. ஒரு வருடத்துக்கு! நீங்கள் அதற்காக எந்த முயற்சியும் எடுக்கவில்லை, கம்பெனி மணியடித்தது, இறங்கிப் போனீர்கள். சொந்தத் தொழிலில் அந்த மணியை அடிக்க ஆள் இல்லை. ஷிப்மெண்ட் தேதி மாதிரி அதையும் நீங்களே நாள் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது. பழைய ஆறு பேரில் இருவர் இன்னும் அடிக்கடி வாட்ஸாப்பில் மெசேஜ் போடுகிறார்கள், நீங்கள்தான் குரூப்பை மியூட் செய்து வைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவர்களில் ஒருவரோடு போகட்டும். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற முதலாளிக்கு அதற்கு நேரம் ஏது என்றால், லைன் இன்சார்ஜிடம் விட வேண்டிய வேலைகளை இன்னும் நீங்களே பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

வீட்டில் எப்படிச் சொல்வது

“அவளுக்கு எதுக்குங்க கஷ்டம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால்தான் மறைக்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் பத்து மணிக்குக் குடித்துவிட்டு வந்து, பேசாமல் சாப்பிட்டு, மூன்று மணிக்கு எழுந்து ஹாலில் உட்காரும் கணவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் கஷ்டம் இல்லாமலா இருக்கும்? காரணம் தெரியாத கஷ்டம் அது. கோவையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் இதே மாதிரி எட்டு மாதம் கடனை மறைத்தார். கடைசியில் இருவரும் என்னிடம் ஆலோசனைக்கு வந்தபோது, அவர் கடன் என்று சொன்னதும் அந்த அம்மா அழுதார். “கடன்தானா? நான் வேற யாரோ ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன்” என்றார். எட்டு மாதமும் அந்த நினைப்போடுதான் அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் மனைவி கேட்பதை நிறுத்தியதை அக்கறையின்மை என்று முடிவு கட்ட வேண்டாம். கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் ஓய்ந்திருக்கலாம். பதிலைக் கேட்கப் பயமாகவும் இருக்கலாம்.

சொல்வதற்கு முன் ஒரு தாளில் மூன்று தொகையை எழுதுங்கள்: வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, குடும்பத்துக்கும் யூனிட்டுக்கும் மாதம் ஆகும் செலவு. குடித்திருக்கும்போது பேச்சை எடுக்க வேண்டாம், படுக்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். மகள் டியூஷன் போயிருக்கும் ஒரு பகலில் உட்காருங்கள். “இதுக்கு நீ வழி சொல்லணும்னு இல்லை, உனக்குத் தெரியாம வச்சிருக்க முடியலை” என்று ஆரம்பிக்கலாம். கோபம் வரும். மறைத்ததற்காக வரும் அந்தக் கோபம் நியாயமானது, அன்றைக்கே அது தீர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாக்கிப் பணம்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைத் தொடாமல் போனால் மற்றதெல்லாம் வெறும் ஆறுதலாகிவிடும். வேலை செய்து கொடுத்த சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006ஆம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். கொடுக்கவில்லை என்றால், இந்தப் பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலில் அரசின் இணையதளம் வழியாக மனு போடலாம். உங்களிடம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் பழைய பாக்கிக்கு அது எந்த அளவு செல்லும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மனு போட்டால் அந்தக் கம்பெனி இனி ஆர்டர் தராது. ஆகவே முதலில் டெலிவரி சலான், பில் நம்பர், தேதி எல்லாம் போட்டு நிலுவைப் பட்டியல் ஒன்றை அனுப்புங்கள். சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். பல நேரம் அந்த ஒரு கடிதத்திலேயே பாதிப் பணம் நகரும். ஐந்து மாதமாகப் போனில் கெஞ்சிக்கொண்டிருப்பது உங்கள் பணத்தை மட்டுமல்ல, உங்கள் மரியாதையையும் தின்றுகொண்டிருக்கிறது.

யூனிட்டை மூடலாமா?

இப்போது முடிவெடுக்க வேண்டாம். மூன்று மாதம் தள்ளி வையுங்கள். உங்கள் மனசில் திரும்பிப் போகிற இடம் 2021இல் நீங்கள் விட்டு வந்த அந்த டேபிள். அந்த ஆறு பேரில் இப்போது அங்கே இருப்பவர் ஒருவர்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். 42 வயதில் புதிய கம்பெனியில் சேர்ந்தால், உங்களைவிடப் பத்து வயது இளையவர் ஹெட்டாக இருக்கலாம். அங்கேயும் பதினோரு மணிக்கு யாரோடு இறங்கிப் போவது என்ற கேள்வி முதல் வருடம் இருக்கத்தான் செய்யும். கடனும் கூடவே வரும்.

மூன்று மாதம் கழித்து, வீட்டில் எல்லாம் தெரிந்த பிறகு, நன்றாகத் தூங்கும் மனசோடு ஆடிட்டர் முன்னால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடாது என்று கணக்கு சொன்னால் மூடிவிடுங்கள், அதில் எந்தக் கேவலமும் இல்லை. நடுவில் வேறு வழிகளும் இருக்கின்றன. மிஷினைக் குறைத்துக்கொண்டு இன்னொரு யூனிட்காரரோடு ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். வாடகையும் பாதியாகும், பேச ஒரு ஆளும் இருக்கும். பங்கு சேர்ப்பதாக இருந்தால் மட்டும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனிமை தாங்காமல் சேர்க்கும் பார்ட்னரை நாம் சரியாக விசாரிப்பதில்லை.

இது மனநோயா?

தனிமை ஒரு நோய் இல்லை. ஆனால் இரண்டு வாரமாக ஏறக்குறைய எல்லா நாளும் மனம் சோர்ந்திருப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, கூடவே தூக்கம், பசி, கவனம் கெடுவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவது எல்லாம் சேர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நீங்கள் எழுதியதிலும் பேசியதிலும் இவற்றில் பல இருக்கின்றன. அது மனச்சோர்வுதானா என்று ஒரு மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இந்த வாரமே போங்கள். அரசு மருத்துவமனையிலேயே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்கலாம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தீர்கள். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை.

குடியைப் பற்றி மருத்துவரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள். தூக்கம் வருவதற்காகக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மது முதலில் கண்ணைச் சொக்கவைக்கும், நான்கைந்து மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கும்போது தூக்கத்தைக் கலைத்துவிடும். உங்கள் மூன்று மணி விழிப்பில் அதற்கும் பங்கு இருக்கும்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஒரே ஒரு காரியம் சொல்கிறேன். சம்பளம் கொடுத்து முடித்ததும் ஷட்டரை நீங்கள் பூட்ட வேண்டாம். சாவியைக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து, “இனி சனிக்கிழமை நீங்க பூட்டிட்டு, திங்கக்கிழமை நீங்களே வந்து திறந்திருங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, கடைசி டெய்லர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் நீங்கள் கிளம்பிவிடுங்கள். அந்த ரூமில் தனியாக உட்காரும் இரண்டு மணி நேரம் உங்களுக்கு வேண்டாம். திங்கட்கிழமை காலை மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் போனால் போதும். செவ்வாய்க்கிழமை நான் மறுபடி கூப்பிடுகிறேன். டாக்டரிடம் எந்த நாளைக்கு டோக்கன் போட்டிருக்கிறீர்கள் என்று அப்போது கேட்பேன்.